மந்தர சுரத்தின் பாரம்: மேடையில் பேஸ் கிடாரும் மனித உடலும்

பேஸ் கிடார் பார்வைக்கு எளிமையான கருவி. நான்கே தந்திகள், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரம், மேடையில் டிரம்ஸுக்கு அருகே சற்று ஒதுங்கிய இடம் என்று அது தோற்றமளிப்பதால், சாதாரணக் கிடாரை வாசிக்கத் தெரிந்த எவரும் இதையும் சிரமமின்றி வாசித்துவிடலாம் என்ற எண்ணம் ரசிகர்களிடம் மட்டுமின்றி, இசை கற்கத் தொடங்கும் இளைஞர்களிடமும் ஊறிக்கிடக்கிறது. இந்த எண்ணம் தவறானது என்பதைக் கருவியின் இயற்பியலும் மனிதக் கையின் உடற்கூறும் சேர்ந்தே காட்டுகின்றன. நீளம், தடிமன், இழுவிசை, எடை ஆகிய நான்கிலும் பேஸ் கிடார் தன் உறவுக் கருவியான கிடாரைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. அவ்வாறு கேட்பது வடிவமைத்தவரின் விருப்பத்தால் அன்று, மந்தர சுரம் பிறப்பதற்கு வேறு வழி இல்லாததால். ஆனால் கருவி உண்மையில் கேட்கும் விசைக்கும், இரண்டு மணி நேரக் கச்சேரியில் கலைஞர் செலவிடும் விசைக்கும் இடையே பெரியதோர் இடைவெளி உண்டு. பேஸ் கலைஞர்களின் கைவலிக்கும் தோள்வலிக்கும் வேர் தேடுபவர்கள் இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேடைச் சூழல் கலைஞரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் அந்தத் தேவைக்கு மேற்பட்ட விசையை இக்கட்டுரை மிகைவிசை என்று குறிப்பிடும்.

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் சுரமானிப் பெட்டியைக் கையாண்டவர்களுக்கு, இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் மூன்று காரணிகளைச் சார்ந்தது என்பது நினைவிருக்கும். கம்பி நீண்டால் அதிர்வெண் குறையும். இழுவிசை கூடினால் அதிர்வெண் உயரும். ஓரலகு நீளத்தின் நிறை கூடினால் அதிர்வெண் தாழும். பிரெஞ்சு அறிஞர் மரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட இவ்விதிகளே இன்றைய பேஸ் கிடாரின் அளவுகளைத் தீர்மானிக்கின்றன. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு சுமார் 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதிர்கிறது. இது கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியைவிட ஒரு ஸ்தாயி கீழே, எனவே அதன் சரிபாதி. நீளத்தையும் இழுவிசையையும் மாற்றாமல் ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமானால், தந்தியின் ஓரலகு நிறை நான்கு மடங்காக வேண்டும். அவ்வளவு தடித்த தந்தி குறைந்த நீளத்தில் கம்பியைப்போல் நெகிழாமல் இரும்புத் தண்டைப்போல் விறைத்து, தெளிவற்ற ஓசையையே தரும். ஆகவே நீளத்தைக் கூட்டுவது தவிர்க்க முடியாததாகிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் அளித்த விடையே உலகெங்கும் நிலைத்துவிட்டது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். அவருடைய நிறுவனத்தின் கிடார்களில் இது 648 மில்லிமீட்டர். நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடியதால், நிறை நான்கு மடங்குக்குப் பதிலாக இரண்டேகால் மடங்கு கூடினாலே போதும் என்றாகிறது. ஆனால் இழுவிசையைக் கிடாரின் அளவிலேயே விட்டுவிட்டால் இவ்வளவு நீண்ட தந்தி தளர்ந்து, மீட்டும்போது ஃப்ரெட்டுகளின்மீது, அதாவது சுரத்தானங்களைக் குறிக்கக் கழுத்தில் பதித்துள்ள உலோகக் கட்டைகளின்மீது, மோதிச் சலசலக்கும். ஆகவே இழுவிசையும் இரட்டிப்புக்கு மேல் உயர்த்தப்படுகிறது. அதற்கு ஈடாகத் தந்தியும் மேலும் தடிக்கிறது. கிடாரின் தடித்த தந்தி 1.2 மில்லிமீட்டர் விட்டத்தை எட்டுவதில்லை. பேஸின் தடித்த தந்தியோ இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. வழக்கமான தந்திக் கட்டில் ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 18 முதல் 22 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசையில் நிற்கிறது.

இந்த எண்கள் இடக்கைக்கு என்ன செய்கின்றன என்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் தந்தியின் எஞ்சிய நீளத்தை ஒரே விகிதத்தில் குறைத்துச் செல்வதால், கழுத்தின் தலைப்பக்கத்தில் இடைவெளிகள் அகன்றும் உடல்பக்கத்தில் குறுகியும் அமைகின்றன. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட்வரை உள்ள தூரம் கிடாரில் 97 மில்லிமீட்டர். பேஸில் 130 மில்லிமீட்டர். ஆள்காட்டி விரல் முதலாவதிலும் சுண்டுவிரல் நான்காவதிலும் பதிய வேண்டுமெனில், கிடார் கலைஞர் விரல்களை இயல்பாக விரித்தால் போதும். பேஸ் கலைஞரோ சராசரி உள்ளங்கையின் அகலத்தைவிடப் பல சென்டிமீட்டர் கூடுதலாக விரிக்க வேண்டும், அதுவும் விரித்த நிலையிலேயே அழுத்தவும் வேண்டும். விரல்களை விரிக்கும் தசைகள் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள்; அவை விரிப்பதற்காகச் சுருங்கி நிற்கையில், மடக்கும் தசைகள் எதிர்த்திசையில் இழுக்கின்றன. ஒரே விரலை இரு அணிகள் இருபுறமும் இழுக்கும் வடம்பிடிப் போட்டி இது. விரல் அசையாமல் நின்றாலும் இரு அணிகளும் களைத்துப்போகும்.

பேஸ் கிடார் தோன்றுவதற்கு முன்பே இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் டபுள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவியை வாசித்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் கற்பித்த ஃப்ரான்ஸ் சிமாண்டல் அக்கருவிக்காக எழுதிய பாடமுறையில், தாழ்ந்த தானங்களில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றையே கணக்கில் கொண்டு, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைக்கும் வழியைப் பயன்படுத்தினார். நான்கு ஃப்ரெட்டுகளுக்கு நான்கு விரல் என்ற கிடார் வழக்கத்துக்கு மாறாக, மூன்று ஃப்ரெட்டுகளை நான்கு விரல்களால் மூடி, தேவைப்படும்போது கையையே நகர்த்தும் இந்த முறை, பேஸ் கிடாரின் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் இன்றும் மிகப் பாதுகாப்பான முறையாகும். மோதிர விரலும் சுண்டுவிரலும் தனித்தனியே வலுவாக இயங்கக்கூடியவை அல்ல என்பதே இதன் உடற்கூற்று நியாயம். அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று இணைப்பிழைகளால் கட்டுண்டிருப்பதால் ஒன்று நகர்ந்தால் மற்றது உடன்வரும். ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இரண்டைச் சேர்ந்தே உழைக்கவிட்ட சிமாண்டலின் ஏற்பாடு உடலின் அமைப்புக்கு இணங்கிய ஏற்பாடு.

தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறு. விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் கயிறுகள், கிணற்றுக் கயிறு கப்பியின்மேல் ஓடுவதுபோல, விரல் எலும்புகளை ஒட்டியுள்ள உறைகளுக்குள் வழுக்கிச் சென்று விரல்நுனியை இழுக்கின்றன. வழியில் அவை மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கத்தைக் கடக்கின்றன. மூன்று பக்கம் எலும்புகளாலும் ஒரு பக்கம் விறைப்பான நார்ப்பட்டையாலும் ஆன அந்த மணிக்கட்டுச் சுரங்கத்தில் ஒன்பது தசைநாண்களும், கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதிவரை உணர்ச்சி தரும் நடு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்வரை சுரங்கத்தில் அழுத்தம் குறைவு. மணிக்கட்டு உள்நோக்கி வளையும்போது அழுத்தம் உயர்கிறது, தசைநாண்கள் நார்ப்பட்டையின் விளிம்பில் உராய்கின்றன, நடு நரம்பு அவற்றுக்கிடையே நசுங்குகிறது. அதே வளைவு விரல்களின் வலிமையையும் குறைக்கிறது. ஏற்கெனவே சுருங்கிக் குறுகிவிட்ட தசை மேலும் விசையுடன் சுருங்க முடியாது என்பதே காரணம். மணிக்கட்டை முழுவதும் உள்ளே மடக்கிக்கொண்டு முட்டியை இறுக்கிப் பார்க்கும் எவரும் இந்த வலிமை இழப்பை உடனே உணரலாம்.

இங்கே மிகைவிசையின் முதல் முகம் தெரிகிறது. தந்தியை ஃப்ரெட்டில் தொடவைக்க உண்மையில் எவ்வளவு விசை வேண்டும்? 18 கிலோகிராம் இழுவிசையில் நிற்கும் தந்தி, நடுப்புள்ளியான 12ஆம் ஃப்ரெட்டுக்கு 2 மில்லிமீட்டர் மேலே இருப்பதாகக் கொண்டால், இருபுறத் தந்தியின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிடும்போது கிடைக்கும் விடை சுமார் 170 கிராம் எடைக்குச் சமமான விசை. ஒரு சிறிய மாம்பழத்தின் எடை. அதிர்வின்போது தந்தி ஃப்ரெட்டிலிருந்து எழும்பாமல் இருக்க இதைவிடக் கூடுதலாகவும், தலைப்பக்கத்தில் இன்னும் சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படும் என்றாலும், கேட்கப்படும் விசை கிலோகணக்கில் இல்லை. ஆயினும் விரல்நுனியில் இடும் விசையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இழுப்பை முன்கையின் தசைநாண் தாங்குகிறது. நுனியில் வீணாகும் ஒவ்வொரு நூறு கிராமும் முன்கையில் முந்நூறு கிராமாகிறது. விரல் ஃப்ரெட்டுக்கு மிக அருகே, அதன் பின்புறத்தில் அழுத்தினால் விசை முழுவதும் தொடுபுள்ளிக்குச் செல்கிறது. இரு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் தந்தி அங்கே தொய்ந்து, தொடுபுள்ளிக்குக் குறைந்த பங்கே போய்ச் சேர்வதால் சலசலப்பு எழுகிறது. சலசலப்பைக் கேட்ட தொடக்கநிலைக் கலைஞர் விரலை நகர்த்துவதற்குப் பதிலாக மேலும் அழுத்துகிறார். அழுத்தும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

அழுத்தம் நீடிப்பதன் தீமை வேறு வகையானது. நடக்கும்போது கால்தசை சுருங்கி விரிவதால் ஒவ்வோர் அடியிலும் குருதி உள்ளே வந்து வெளியேறுகிறது. இது இயங்குநிலை உழைப்பு. நீண்ட சுரமொன்றைப் பிடித்து நிற்கும் விரல்களின் தசைகளோ சுருங்கிய நிலையிலேயே உறைந்து நிற்கின்றன; உள்ளழுத்தம் உயர்ந்து நுண்குழாய்கள் நெரிபடுவதால் உயிர்வளி வரத்தும் கழிவு அகற்றலும் குறைகின்றன. இதை நிலைநிறுத்த உழைப்பு என்பர். ஜெர்மானிய உடலியலாளர் வால்டர் ரோமெர்ட் 1960இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தசையின் முழு வலிமையில் 15 சதவீதத்துக்குள் இருக்கும் பிடிப்பை நெடுநேரம் தாங்கலாம் என்றும், அதற்குமேல் விசை கூடக்கூடத் தாங்கும் நேரம் விரைந்து குறைகிறது என்றும் காட்டியது. பிற்கால ஆய்வுகள் அந்த 15 சதவீதமும் மணிக்கணக்கில் தாங்கத்தக்கதல்ல என்று வாதிட்டுள்ளன. எவ்வாறாயினும், விசைக்கும் தாங்கும் நேரத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. சற்றே தளர்த்திப் பிடிப்பவர் சற்றே கூடுதல் நேரம் அல்ல, பலமடங்கு கூடுதல் நேரம் வாசிக்க முடியும்.

வலக்கையின் உழைப்பு இதற்கு நேர்மாறானது. அங்கே சிக்கல் பிடிப்பதில் இல்லை, திரும்பத் திரும்பச் செய்வதில். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால் நொடிக்கு நான்கு மீட்டல். நான்கு நிமிடப் பாட்டொன்றுக்கு 960. இருபது பாடல்கள் கொண்ட கச்சேரியில் 19,200. இதுவும் நடுத்தர வேகத்தின் கணக்கே. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கும் குதிரைப் பாய்ச்சல் நடையில், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாக மூன்று மீட்டல்கள் வருகின்றன. நிமிடத்துக்கு 160 தட்டு என்று கொண்டால் நொடிக்கு எட்டு மீட்டல், அதை அவர் பிளெக்ட்ரம் என்னும் மீட்டுவில்லை இல்லாமல் விரல்களாலேயே வாசிக்கிறார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடக்கும் கால்களைப்போல மாறிமாறி மீட்டுவது வழக்கம். ஒன்று உழைக்கையில் மற்றது தளர்ந்து மீள்வதே இந்த முறையின் உயிர். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த விதிக்குப் பெரும் விலக்கு. டபுள் பேஸில் பழகிய அவர், தடித்த தந்திகள் உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருந்த தம் பிரிசிஷன் பேஸை வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்குக் கொக்கி என்றே பெயர். அவருடைய கலையை வியப்பது நியாயம். ஆனால் இளமையிலேயே டபுள் பேஸால் உரமேறிய ஒரு கைக்கு இயன்றதை, பழகாத கை அப்படியே நகலெடுக்க முயல்வது காயத்தில்தான் முடியும்.

மீட்டும் விரலின் தோலில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. நிக்கல் அல்லது எஃகு இழை சுற்றிய தந்தி, உற்றுநோக்கினால் நுண்ணிய அரத்தைப்போல வரிவரியாக இருக்கும். விரல்நுனி அதைப் பற்றி விடுவிக்கும்போது, வெளித்தோல் தந்தியோடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் திசு எலும்போடு நகர்கிறது. இரு அடுக்குகளுக்கிடையே எழும் இந்தச் சறுக்குப் பெயர்ச்சி சில ஆயிரம் முறை திரும்பினால் மேல்தோலின் இடையடுக்கில் செல்கள் பிளந்து, அந்தப் பிளவில் நிணநீர் தேங்கிக் கொப்புளமாகிறது. நாள்தோறும் அளவாகப் பழகுபவரின் தோலோ இதே உராய்வுக்கு வேறு விதமாக மறுமொழி தருகிறது: வெளியடுக்கில் கெரட்டின் என்னும் கடினப் புரதம் செறிந்து காய்ப்பாகிறது. இந்தக் காய்ப்பு உருவாக வாரங்கள் வேண்டும், வாசிப்பு நின்றால் மெல்ல உதிர்ந்துவிடும், நீரில் ஊறினால் மென்மையாகிவிடும். கச்சேரி நாளன்று நெடுநேரம் துணி துவைப்பதையோ நீச்சலடிப்பதையோ அனுபவமுள்ள கலைஞர்கள் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். வியர்வையும் இதே தீங்கைச் செய்கிறது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் விரல்நுனி நனைந்து தோல் ஊறுவதால், வீட்டில் மூன்று மணி நேரம் தாங்கும் விரல் மேடையில் ஒரு மணி நேரத்தில் கொப்புளிக்கக்கூடும்.

கேட்பவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இன்னோர் உழைப்பும் உண்டு. பேஸ் கிடாரில் ஒரு தந்தியை மீட்டினால் மற்ற மூன்றும் ஒத்ததிர்வால், அதாவது தம் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும் அதிர்வை வாங்கிக்கொண்டு, தாமும் முனகத் தொடங்கும்; பெரிய ஒலிபெருக்கிகளின் முன்னே இந்த முனகல் பெருகி, பாட்டின் அடித்தளத்தையே கலங்கலாக்கிவிடும். எனவே ஒலிக்கும் ஒரு தந்திக்கு மூன்று தந்திகளை எப்போதும் அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது: வலக்கைக் கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளின்மேல் கிடந்தபடி நகர்கிறது, இடக்கையின் வேலையற்ற விரல்கள் உயர்ந்த தந்திகளை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு சுரம் எங்கே முடிகிறது என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது; முடிப்பதும் கையின் வேலையே. தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் பாடல்களை ஊன்றிக் கேட்டவர்களுக்கு, பேஸ் கிடார் பாடகரின் மெட்டுக்குப் பின்னணியாக மட்டும் நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு இழையோடுவது பழக்கமான அனுபவம். அத்தகைய வரிகளில் இடக்கை கழுத்து முழுவதும் ஏறி இறங்குவதால், அடக்கும் விரல்களின் இடமும் நொடிக்கு நொடி மாறுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்தபடி, பிசகினால் மறுபடியும் எடுக்கலாம். மேடையில் அதே வரியை நின்றபடி, ஒரே மூச்சில், முந்தைய பத்துப் பாடல்களின் களைப்போடு வாசிக்க வேண்டும்.

நிற்பதும் இந்த உழைப்பின் ஒரு பகுதியே. திண்ணிய மரத்தாலான பேஸ் கிடார் பொதுவாக நான்கு கிலோவை ஒட்டிய எடை உடையது. ஐந்து, ஆறு தந்திக் கருவிகள் இன்னும் கனமாகலாம். இந்த எடை முழுவதும் தோள்பட்டி வழியே ஒரே தோளில் இறங்குகிறது. கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள்முனைவரை விரியும் சரிவகத் தசை, பட்டி வழுக்காமலிருக்கத் தோளை இம்மியளவு உயர்த்தியபடியே கச்சேரி முழுவதும் சுருங்கி நிற்கிறது. காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே கைக்குச் செல்லும் நரம்புக்கற்றையும் குருதிக்குழாய்களும் அதே இடத்தில்தான் கடக்கின்றன. பட்டியின் அகலத்தை ஐந்து சென்டிமீட்டரிலிருந்து பத்தாகக் கூட்டினால் எடை குறையாது, ஆனால் அழுத்தம் பாதியாகும். பள்ளிப் பாடத்தில் கற்ற அழுத்தத்தின் இலக்கணத்துக்கு இதைவிட நேரடியான பயன் அரிது.

எடையின் அளவைவிட அது பகிர்ந்திருக்கும் விதம் சில கருவிகளில் பெரும் தொல்லையாகிறது. நீண்ட கழுத்தும் அதன் முனையில் நான்கு கனத்த முறுக்காணிகளும் இருப்பதால், உடற்பகுதி இலேசாக அமைந்த கருவிகளில் கழுத்து தரையை நோக்கிச் சாய்கிறது. சாய்வைத் தடுக்க இடக்கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. சுமக்கும் கை ஓடியாடி வேலை செய்ய முடியாது. ஃபெண்டர் தம் பேஸின் உடற்பகுதியில் கொம்புபோல் எழும் மேல்முனையை முன்னோக்கி நீட்டியது அழகுக்காக மட்டுமன்று, தோள்பட்டியின் தாங்குபுள்ளியை எடைமையத்தை நோக்கி நகர்த்தவும்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் நெட் ஸ்டெய்ன்பெர்கர் 1980 வாக்கில் தலைப்பகுதியையே நீக்கிவிட்டு, முறுக்காணிகளை உடற்பகுதியின் அடிமுனைக்கு மாற்றி, இச்சிக்கலை வேரோடு களைந்தார். 1942இல் பிறந்த பால் மெக்கார்ட்னி எண்பது வயதைக் கடந்தும் நெடிய மேடை நிகழ்ச்சிகளில் ஏந்தும் ஹாஃப்னர் பேஸ், உள்ளே குடைவான உடலும் 30 அங்குலத் தந்தி நீளமும் சுமார் இரண்டரை கிலோ எடையும் கொண்டது. அவர் 1961இல் ஹாம்பர்க்கில் இவ்வகைக் கருவியை முதன்முதலாக வாங்கியபோது விலையும், இடக்கைப் பழக்கத்துக்கு ஏற்ற சமச்சீர் வடிவமுமே காரணமாக இருந்தன. எனினும் அந்த இலேசான எடை முதுமையில் ஒரு கொடையாகவே அமைந்துவிட்டது.

கருவியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்ற கேள்வியில் இரு கைகளின் நலனும் மோதிக்கொள்கின்றன. ராக் இசையின் மேடைத் தோற்றத்துக்கு ஏற்பத் தொடைவரை தாழ்த்தி மாட்டினால், கழுத்தைச் சுற்றி விரல்களைக் கொண்டுவர இடது மணிக்கட்டு செங்கோணத்தை நெருங்கும் அளவுக்கு வளைகிறது. மேலே சொன்ன சுரங்கத்தின் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். மார்புவரை உயர்த்தி மாட்டினால் இடது மணிக்கட்டு நிமிர்கிறது, ஆனால் வலது முன்கை கருவியின் மேல்விளிம்பில் தொங்கி, வலது மணிக்கட்டு கீழ்நோக்கி முறிந்ததுபோல் மடிகிறது. உட்கார்ந்து பழகும்போது கருவி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நிற்கும்போதும் இருக்குமாறு பட்டியை அமைத்து, கழுத்தை ஏறத்தாழ 30 பாகை மேல்நோக்கிச் சாய்ப்பதே இரு மணிக்கட்டுகளுக்கும் நியாயம் செய்யும் சமரசம்.

முழு உடலின் ஆற்றல் செலவு என்ற வகையில் பேஸ் வாசிப்பு கடும் உழைப்பன்று. பல்வேறு செயல்களின் ஆற்றல் செலவைத் தொகுத்த ஆய்வுப் பட்டியல், ராக் குழுவில் நின்றபடி கிடார் வாசிப்பதை, அமர்ந்து ஓய்வெடுப்பதைப்போல் மூன்று மடங்கு செலவுடையதாக மதிப்பிடுகிறது. மெதுவான நடைக்கு ஆவதும் அவ்வளவே. டிரம்ஸ் கலைஞரின் இதயத்துடிப்பு விளையாட்டு வீரருடையதைப்போல் உயர்வதை இங்கிலாந்தில் பிளாண்டி குழுவின் கிளெம் பர்க்கை வைத்து நிகழ்த்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. பேஸ் கலைஞரின் களைப்போ இதயத்தில் தெரிவதில்லை. உள்ளங்கையளவு தசைகளில் குவிந்து கிடக்கிறது. மூச்சு வாங்காததால் உழைப்பே இல்லை என்று கலைஞரே ஏமாந்துபோவதற்கு இது வழிவைக்கிறது.

மிகைவிசையின் ஆழ்ந்த காரணம் கையில் இல்லை, காதில் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 8.3 மீட்டர், சாதாரண மேடையொன்றின் அகலத்தைவிட இது அதிகமாக இருக்கலாம். இவ்வளவு நீண்ட அலைகள் சுவர்களில் எதிரொலித்து ஒன்றோடொன்று மோதும்போது, மேடையின் ஓரிடத்தில் தாழ்ந்த சுரம் இடிபோல் முழங்க, இரண்டு தப்படி தள்ளி நிற்பவருக்கு அது அறவே கேட்காமற்போகலாம். அத்துடன் மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது: 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவில் கேட்கும் ஒலியின் உரப்பு 40 ஹெர்ட்ஸில் தோன்ற வேண்டுமானால் அளவு 80 டெசிபலைத் தாண்ட வேண்டும். தன் சுரம் தனக்குக் கேட்காத கலைஞர் தன்னையறியாமலேயே தந்தியை மேலும் ஓங்கி மீட்டுகிறார். ஓங்கி மீட்டிய தந்தி ஃப்ரெட்டில் மோதி உரத்த சடசடப்பைத் தருகிறதேயன்றித் தாழ்ந்த சுரத்தை அதே விகிதத்தில் கூட்டுவதில்லை. ஆகவே இன்னும் ஓங்கி மீட்டுகிறார். வலக்கை இறுகும்போது இடக்கையும் சேர்ந்தே இறுகும் என்பது நரம்பியலில் நன்கறிந்த உடனிறுக்கம். ஒலிப்பெருக்கியின் குமிழைச் சற்றுத் திருப்பியிருந்தால் மின்சாரம் செய்திருக்கும் வேலையை, இவ்வாறு முன்கைத் தசைகள் இரண்டு மணி நேரம் சுமக்கின்றன.

அந்த மின்சாரத்துக்கும் ஒரு காலத்தில் உடலே விலை கொடுத்தது. அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்துக்கு ஒலிபெருக்கிக் கூம்பு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும் என்பதால், பேஸ் ஒலிபெருக்கிகள் பெரியனவாகவே இருந்தன. ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட 300 வாட் எஸ்விடி பெருக்கியின் தலைப்பெட்டி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். எட்டு ஒலிபெருக்கிகள் கொண்ட அதன் அலமாரி 60 கிலோவைத் தாண்டும். கச்சேரிக்கு முன்னும் பின்னும் இவற்றைப் படியேற்றி இறக்கிய பின் முதுகு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நியோடிமியம் காந்தங்களும் டி வகைப் பெருக்கிகளும் வந்த பிறகு தலைப்பெட்டி இரண்டு மூன்று கிலோவாகிவிட்டது. மேடை உழைப்பில் அறிவியல் நேரடியாகக் குறைத்துத் தந்த பாரம் இதுவொன்றே எனலாம்.

செவிக்கு நேரும் சேதம் பெரும்பாலும் பேஸ் கிடாரிலிருந்து வருவதில்லை. அருகிலிருக்கும் டிரம்ஸின் சிம்பல்களிலிருந்து வருகிறது. டிரம்ஸ் கலைஞரின் கால் தாளத்தோடு ஒன்றி வாசிக்க வேண்டிய பேஸ் கலைஞர் பெரும்பாலும் ஹை-ஹேட் எனப்படும் இரட்டைச் சிம்பலின் பக்கத்திலேயே நிற்கிறார். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழில்சார் செவிப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம். கச்சேரியோ இரண்டு மணி நேரம். உட்செவியில் அழியும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உரத்த ஒலியின் சேதம் முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தெரியும். தாழ்சுரம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பதால், பேச்சொலியின் மெய்யெழுத்துகள் மங்கத் தொடங்கும்வரை கலைஞருக்குத் தன் இழப்பு தெரியாமலே போகலாம்.

இத்தனைக்கும் நடுவே காலம் பிசகக்கூடாது. மைக்கேல் ஹோவும், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரல் டிரெய்னரும், பிற ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நேரத்தில் ஒலிக்கும் தாழ்சுரம், மேல்சுரம் இரண்டில் தாழ்சுரம் நேரம் தவறும்போதுதான் மூளை அதிகமாகக் கவனிக்கிறது என்றும், தாளம் தட்டும் விரலும் தாழ்சுரத்தையே பின்தொடர்கிறது என்றும் கண்டனர். மேல்சுரக் கலைஞரின் சறுக்கல் மறைந்துபோகும். பேஸ் கலைஞரின் சறுக்கல் கூட்டத்தின் கால்களில் தெரியும். களைத்த தசை தாமதமாகச் சுருங்குவதோடு தாமதமாகவே தளரவும் செய்வதால், மிகைவிசையின் விளைவு வலியாக வருவதற்கு முன்பே காலப்பிசகாக வந்துவிடுகிறது. ரஷ் குழுவின் கெடி லீ போலப் பாடிக்கொண்டே வாசித்து, காலால் தாழ்சுரப் பெடல்களையும் இயக்கியவர்களின் சாதனை இந்தப் பின்னணியில்தான் முழு அளவில் புலப்படும். இறுகிய கையோடு அது இயலவே இயலாது.

பேஸ் கிடார் கற்பவர்களும், பிள்ளைகளுக்கு முதல் கருவி வாங்கித் தரும் பெற்றோரும் கடையிலேயே ஒன்றைச் செய்யலாம்: தோளில் மாட்டி, இரு கைகளையும் விட்டு, கழுத்து சாய்கிறதா என்று பாருங்கள், கை சிறியதாயின் 30 அங்குலக் கருவியைக் கேட்டு வாங்குங்கள். வாசிப்பவர்கள் செவியடைப்பானைக் கருவிப் பையிலேயே வைத்திருங்கள். வாசித்த பின் வரும் பொதுவான சோர்வு ஓரிரு நாளில் ஓய்வால் தீரும். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய், அந்த மரப்பு இரவில் உறக்கத்தைக் கலைக்குமாயின், அது நடு நரம்பு நசுங்குவதன் அடையாளம். அதைப் பயிற்சியால் கடந்துவிடலாம் என்று நினைத்து அடுத்த கச்சேரிக்குப் போகாதீர்கள். முதலில் நரம்பியல் மருத்துவரிடமோ கை அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். தொடக்கத்திலேயே காட்டினால் பலருக்கும் இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஒரு பட்டையும் சில வார ஓய்வுமே போதுமானவையாக இருக்கின்றன.